பொது நலம் என்பதன் பொருள் யாது?

பொது நலம் என்னும் சொல் எல்லோர் வாயிலும் எளிதாக வருவது; அதன் பொருள் இன்னதென்று இருவர் ஒத்துச் சொல்லுவதோ அரிது. சர்க்கார் ஒரு பொருளை விலையின்றி வழங்கப் போவதாக அறிவித்தால், அதுவே மக்கள் நலம் என்பர் ஒரு சாரார். வரிப்பணத்தின் விரயம் என்பர் மற்றொரு சாரார். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மாலை வேளையில் உலவச் செல்லும் ஓய்வுபெற்ற பெரியோர்களிடையே இவ்வாதத்தைக் கேட்கலாம். தியாகராய நகரின் ஜவுளிக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுவரும் நெசவாளர்களிடையேயும் கேட்கலாம். சங்கங்களை ஆய்வு செய்யும் பணியில் இருக்கும் நமக்கு இரு தரப்பாரின் பேச்சும் காதில் விழுகிறது. நம் அங்கத்தினர்களின் தறியையும் வயலையும் நேரே தொடும் வாதம் இது. ஆகையால் நம் அரசியல் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

சட்டத்தின் 38-ஆம் ஷரத்து, மக்களின் நலத்தை வளர்க்குமாறு அரசைப் பணிக்கிறது. சமூக, பொருளாதார, அரசியல் நீதி எல்லா நிறுவனங்களிலும் நிலவும்படியான சமுதாய அமைப்பை உருவாக்கிக் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அதற்கு முந்திய 37-ஆம் ஷரத்தோ, இக்கோட்பாடுகளை எந்தக் கோர்ட்டும் வலியுறுத்தி நிறைவேற்ற இயலாது என்று கூறி, அதே மூச்சில், நாட்டின் ஆட்சிக்கு இவையே அடிப்படை என்றும் கூறுகிறது. அடிப்படை என்றால் அதை நிறைவேற்றக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லாமற் போவானேன்?

இக்கேள்வி 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. பேராசிரியர் கே. டி. ஷா, வசதி உள்ளபோது பணம் தருகிறோம் என்று பாங்கியின் மீது எழுதிக் கொடுத்த செக்குக்கு இக்கோட்பாடுகளை ஒப்பிட்டார். சென்னையிலிருந்து சென்ற டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் இன்னும் கடுமையாக, நல்லெண்ணங்களைக் கொட்டி வைக்கும் குப்பைத் தொட்டி என்றே இப்பகுதியை வருணித்தார். மயிலாப்பூரை ஒட்டிச் செல்லும் பெருஞ்சாலை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டாக்டர் அம்பேத்கர் இதைப் பற்றிக் கூறியது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஆட்சிக்கு வருவோர் இக்கோட்பாடுகளை மீறினால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிராது; தேர்தல் நேரத்தில் வாக்காளர் முன்பு அவசியம் பதில் சொல்லியாக வேண்டும் என்றார் அவர். அதாவது, பொது நலம் என்பதற்குப் பொருள் கூறும் கடமை முடிவில் மக்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

அந்த நவம்பரிலேயே நம் இயக்கத்துக்கு நேர்ந்த ஒரு நன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். தொழிலாளர் அனைவர்க்கும் வாழ்க்கைக்குப் போதிய கூலி கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற ஷரத்தின் முதல் நகலில் குடிசைத் தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோயமுத்தூரைச் சேர்ந்த கூட்டுறவுப் பெரியார் டி. ஏ. இராமலிங்கம் செட்டியார், கிராமங்களில் கூட்டுறவு முறையில் குடிசைத் தொழில்களை வளர்க்க வேண்டும் என்று சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவந்தார். தனிப்பட்டோர் முறையிலோ கூட்டுறவு முறையிலோ வளர்க்கலாம் என்ற வடிவில் அக்கருத்து இன்று 43-ஆம் ஷரத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே கைத்தறிக்குச் சர்க்கார் செய்யும் உதவியை யாரேனும் தயவு என்று கூறினால், அது தயவன்று, சட்டம் இட்ட பணி என்று நாம் தலைநிமிர்ந்து விடை கூறலாம்.

இனி, இக்கோட்பாடுகள் முதன்முதலில் சோதனைக்கு உள்ளானதும் நம் சென்னையிலேதான். கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை சர்க்காரின் உத்தரவை எதிர்த்து, 1950-இல் ஹைகோர்ட்டில் வழக்குகள் தொடரப்பட்டன. நலிந்த பிரிவினரின் கல்வி, பொருளாதார நலனைப் பேணுமாறு கூறும் 46-ஆம் ஷரத்தைச் சர்க்கார் துணைக்கு அழைத்தது. மனுதாரர் தரப்பில் வாதாடியவர்களுள் மயிலாப்பூர்ப் பெருவக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவிலேயே அங்கம் வகித்தவர் அவர். சர்க்கார் தோற்றது. 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும், வழிகாட்டும் கோட்பாடுகள் அடிப்படை உரிமைகளுக்கு அடங்கியே நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் இரண்டு மாதங்களுக்குள் பார்லிமெண்டு முதலாவது திருத்தத்தை நிறைவேற்றி, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய இடமளித்தது. சட்டத்தை எழுதியோர், தீர்ப்புக் கூறியோர், மக்களின் பிரதிநிதிகள் ஆகிய மூவகையாரும் பொது நலத்துக்குப் பொருள் கூறினர். எவர் கூறியதும் தனியே இறுதியாகிவிடவில்லை.

இவ்வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டம் 1787-இல் எழுதப்பட்டபோது, பொது நலத்துக்காக வரி விதிக்கும் அதிகாரம் அவர்களுடைய காங்கிரசுக்கு அளிக்கப்பட்டது. சட்டத்தில் வரிசையாகக் குறித்த இனங்களுக்கு மட்டுமே அப்பணத்தைச் செலவிடலாம் என்றார் மாடிசன். நாடு முழுமைக்கும் நன்மை தருவது எதுவாயினும் செலவிடலாம் என்றார் ஹாமில்டன். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இவ்வழக்கு வந்து முட்டிய இடம் ஒரு பஞ்சாலை! விலை வீழ்ச்சியால் நொடித்துப்போன பருத்தி விவசாயிகளுக்கு உதவும் பொருட்டு, 1933-இல் பஞ்சைப் பதம் செய்யும் ஆலைகளின் மீது வரி போடப்பட்டது. ஹூசாக் ஆலையின் சார்பில் அவ்வரி எதிர்க்கப்பட்டது. 1936 ஜனவரியில் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட், ஹாமில்டன் கூறிய விரிந்த பொருளே சரி என்று ஏற்றுக்கொண்டு, ஆயினும் விவசாயத்தை ஒழுங்குபடுத்துதல் ராஜ்யங்களின் வேலை என்று கூறி, அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. மறு ஆண்டே முதியோர் உதவித் தொகைச் சட்டம் அதே கோர்ட்டில் நிலைபெற்றது. பொது நலத்தின் பொருள் காலத்தோடு வளர்வது என்பதை அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

ஆலையினிடம் வாங்கி உழவனுக்குக் கொடுப்பதை அவர்கள் 1936-இல் மறுத்தனர். ஆலையினிடம் வாங்கிக் கைத்தறிக்குக் கொடுப்பதை நம் பார்லிமெண்டு 1953-இல் சட்டமாக்கியது. ஆலைத் துணிக்குக் கஜம் ஒன்றுக்கு மூன்று பை, அதாவது பழைய கணக்கில் காலணா, கூடுதல் தீர்வையாக விதிக்கப்பட்டு, கதருக்கும் கைத்தறிக்கும் அத்தொகை செலவிடப்பட்டது. நம் கூட்டுறவுச் சங்கங்கள் பல வேரூன்ற அப்பணம் உதவியது. பின்னர் 1985-இல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 1993-இல் சுப்ரீம் கோர்ட் அச்சட்டம் செல்லும் என்றே கூறியது. ஆயினும் முதலில் 22-ஆக இருந்த ஒதுக்கீட்டு ரகங்கள் பின்னர் 11-ஆகக் குறைந்துவிட்டன. கோர்ட்டில் வென்றதைக் கவனக் குறைவால் வெளியில் இழக்கலாம் என்பதற்கு இது சான்று.

இப்பொழுது இலவசங்களின் வழக்குக்கு வருவோம். 2006 தேர்தலில் வாக்களிக்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், 2011 தேர்தலில் வாக்களிக்கப்பட்ட மிக்ஸி, கிரைண்டர் முதலியவற்றையும் எதிர்த்து எஸ். சுப்பிரமணியம் பாலாஜி என்பார் தொடர்ந்த வழக்கில், 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இத்தகைய திட்டங்கள் வழிகாட்டும் கோட்பாடுகளோடு தொடர்புடையவை என்றும், சட்டசபை பணம் ஒதுக்கிய பின் அவற்றின் தகுதியை எடைபோடுவது கோர்ட்டின் வேலையன்று என்றும் அது கூறியது. கூடவே, இவ்வாக்குறுதிகள் நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்று கவலை தெரிவித்து, நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் கமிஷனைப் பணித்தது. இத்தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் மூவர் அமர்வுக்கு விஷயம் அனுப்பப்பட்டது.

நம் கருத்து யாது? இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போரோடு நாம் உடன்படவில்லை. அடையாற்றின் காந்தி நகர், 1940-களின் பிற்பகுதியில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் எழுந்த குடியிருப்பு. தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராய செட்டியார், நெசவாளர் குலத்திற் பிறந்து தறிகள் பல நடத்தியவர். பிறர் கைகோத்துத் தாங்காமல் தாமே எழுந்த பேட்டை எதுவும் இந்நகரில் இல்லை. அவ்வாறே, கொடுப்பதெல்லாம் நலம் என்போரோடும் நாம் உடன்படவில்லை. 38-ஆம் ஷரத்தை 43-ஆம் ஷரத்தோடு சேர்த்துப் படித்தால் அளவுகோல் தெளிவாகும். செலவு ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம். இதனால் உழைப்பவன் ஒருவனுக்கு வேலையும் போதிய கூலியும் கிடைத்தனவா? அடுத்த ஆண்டு அவன் தன் காலில் நிற்க இது துணைசெய்யுமா?

1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தை இவ்வாறு அளந்து பார்ப்போம். பொங்கலுக்கு ஏழைக்குப் புத்தாடை கிடைக்கிறது. அதை நெய்யும் சங்கத்து அங்கத்தினருக்கு வேலை கிடைக்கிறது. ஒரே ரூபாய் இரண்டு வீடுகளில் அடுப்பு எரிக்கிறது. ஆகவே இது முதற் கேள்வியில் தேறுகிறது. இரண்டாம் கேள்வியில்தான் கவலை. பொங்கல் தை முதல் நாளில் வந்தே தீரும். ஒரு நாளும் தள்ளி வைக்க இயலாது. ஆணையும் நூலும் ஆடியில் வந்தால் கைத்தறியாளன் நிதானமாகப் பாவு ஓட்டி, குடும்பத்தோடு உழைத்து முடிப்பான். அவையே ஐப்பசி கார்த்திகையில் வந்தால், நாளொன்றுக்குப் பன்மடங்கு துணி தள்ளும் விசைத்தறியாலன்றி வேறெதனாலும் இயலாது. ஒரு கோப்பு மேசையில் கிடந்த நாட்களின் கணக்கே அந்த ஆண்டின் நலம் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை, தீர்ப்பும் வேண்டியதில்லை. ஆணை எந்த மாதம் வந்தது, நூல் எந்த மாதம் வந்தது, கூலி எந்த மாதம் பட்டுவாடா ஆயிற்று என்று ஒவ்வொரு சங்கமும் கணக்கெடுத்து, தீர்மானமாக எழுதி அனுப்பினால் போதும். உழவர் சங்கங்களும் விதை, உரம், பயிர்க்கடன் ஆகியவை பருவத்துக்கு முன் வந்தனவா, பின் வந்தனவா என்று இவ்வாறே எழுதி வைக்கலாம். விதைப்பு முடிந்தபின் வரும் விதை யாருக்கு நலம்?

பிறரை அளக்கும் கோலால் நம்மையும் அளந்துகொள்ளுதல் முறை. நம் சங்கங்களின் துணைவிதிகளில் இலாபப் பங்கீட்டைக் கூறும் இடத்தில் ‘பொது நல நிதி’ என்று ஓர் இனம் இருக்கக் காணலாம். அதுவே நம்முடைய 38-ஆம் ஷரத்து. அந்நிதி எங்கே செலவாயிற்று என்று மகாசபையில் எழுந்து கேட்கும் அங்கத்தினர் எத்தனை பேர்? நாம் ஆய்வுக்குச் சென்ற இடங்களில் வரவேற்பு வளைவுக்கும் சால்வைக்கும் அந்நிதி செலவானதையும் கண்டிருக்கிறோம். மழைத் தண்ணீர் புகுந்த தறிக்குழியைச் செப்பனிடவும், கண் பார்வை மங்கிய முதிய நெசவாளருக்குக் கண்ணாடி வாங்கவும் செலவானதையும் கண்டிருக்கிறோம். இரண்டும் துணைவிதிக்கு உட்பட்டவை என்று ஏட்டில் எழுதிவிடலாம். இரண்டும் ஒன்றாகுமா?

கூட்டுறவுச் சங்கங்கள் தாமாக விரும்பி அமைந்து, சுயேச்சையாகவும், அங்கத்தினரின் ஜனநாயகக் கட்டுப்பாட்டிலும் இயங்குவதை அரசு வளர்க்க வேண்டும் என்று 97-ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 43-பி ஷரத்து கூறுகிறது. நம் மாநிலத்தில் சங்கங்கள் பல, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இன்றித் தனி அலுவலரின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த வரலாறும் உண்டு. சர்க்கார் ஊழியராகிய நாம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஏனெனில் இதுவும் அரசியல் சட்டம் சொல்லுவதே. ஆனால் மகாசபைக் கூட்டத்துக்குக் கோரம் சேராத சங்கத்தில் ஜனநாயகக் கட்டுப்பாட்டை எந்த ஷரத்து கொண்டுவந்து தர இயலும்?

அம்பேத்கர் வாக்காளரிடம் ஒப்படைத்த பொறுப்பு, சங்கத்தில் அங்கத்தினரிடமே இருக்கிறது. அடுத்த மகாசபை அறிவிப்பு வந்ததும் அதை மடித்துக் கூரையில் செருகிவிடாமல், வரவுசெலவுப் பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள். படிக்கத் தெரியாதோர் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொது நல நிதி என்ற வரியில் விரலை வைத்து, இது யாருக்கு, எதற்கு, எப்பொழுது என்று கேளுங்கள். அங்கே கேட்கப் பழகியவனே நாளை சட்டசபை உறுப்பினரிடமும் அதே கேள்வியைக் கேட்பான்.