ஸ்குவாடையும் ரேண்டமையும் ஒரே லாபியில் மோதவிடலாமா?

ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைத் திறக்கும் ஓர் இளைஞருக்கு இரண்டு வழி உண்டு. கூட்டாளிகள் மூன்று பேர் ஆன்லைனில் இருந்தால் நால்வராக ஸ்குவாட் கட்டலாம். யாரும் இல்லையென்றால் ரேண்டம்தான். முன்பின் தெரியாத மூவரை ஆட்டமே சேர்த்துவிடும். இரு வகை அணிகளும் இறங்குவது அதே நூறு பேர் களத்தில், அதாவது ஒரே லாபியில். இது நியாயமா என்பது குறித்து, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஆட்டக்காரர்களும் பெற்றோரும் சேர்ந்த இந்த மன்றம் தன் நிலைப்பாட்டை அறிவிக்கிறது.

கூட்டாகப் போவது ஏமாற்று அல்ல. சோலோ ஆட்டத்தில் தனித்தனியாக நுழைந்துவிட்டு உள்ளே ரகசியமாகக் கைகோப்பதுதான் ஏமாற்று. அதற்குத் தடை விதிப்பது சரியே. நண்பர்கள் வெளிப்படையாக அணி சேர்வதை மன்றம் மனதார ஆதரிக்கிறது. வேலைக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிரிந்துபோன பள்ளித் தோழர்கள் இன்று சந்தித்துக்கொள்ளும் இடமே அந்த ஆட்டம்தான்.

குறை, எதிரிகளைப் பொருத்தும் முறையில் இருக்கிறது. ஆட்டக் களத்தில் உள்ள போச்சிங்கி ஊரில் ஒரு வீட்டுச் சண்டையைப் பார்த்தால் போதும். பழகிய ஸ்குவாடில் ஒருவர் அடிபட்டு நாக் ஆனதும், எதிரி எந்த ஜன்னலில் நிற்கிறான் என்று விழுந்தவரே தமிழில் சொல்லிவிடுவார். ஒருவர் மறைவுக்கு ஸ்மோக் போடுவார், ஒருவர் ரிவைவ் கொடுத்து எழுப்புவார், நான்காமவர் படிக்கட்டைக் காப்பார். ரேண்டம் அணியிலோ ஒருவர் இந்தியில் கத்துவார், ஒருவர் தெலுங்கில் பதில் சொல்வார், மூன்றாமவர் மைக்கையே திறந்திருக்க மாட்டார். விழுந்தவர் தவழ்ந்தபடியே சாவார். அந்தத் தோல்விக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாதது காரணமில்லை. ஆனாலும் தரவரிசையைத் தீர்மானிக்கும் ரேங்க் புள்ளி குறைவது அவருக்குத்தான்.

ரேங்க் எண் தனி ஆளின் கணக்கு என்பதே இதன் வேர். இன்றைய மதிப்பீட்டு முறைகள் பலவற்றுக்கும் மூலம், சதுரங்கத்துக்காக அர்பாத் எலோ வகுத்த முறை. அது இருவர் மோதும் ஆட்டத்துக்கானது. நான்கு பேரின் எண்களைக் கூட்டினால் நால்வரின் பழக்கம் அந்தக் கூட்டுத்தொகையில் வந்துவிடாது.

இதை மற்ற ஆட்டங்கள் கவனித்திருக்கின்றன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2016இல் எத்தனை பேர் சேர்ந்து வந்தாலும் ஒரே தரவரிசையில் ஆடலாம் என்று திறந்துவிட்டது. எதிர்ப்பு வலுக்கவே, 2017 பருவத்தில் தனி ஆளுக்கும் இருவருக்குமான வரிசையை மீண்டும் பிரித்தது. ஐவர் ஆடும் வாலரண்டின் போட்டி ஆட்டத்தில் நால்வராகப் போக முடியாது. போனால் மிஞ்சும் அந்த ஐந்தாவது ஆள் யாருடைய பேச்சிலும் சேராமல் தவிப்பார். பிஜிஎம்ஐயின் ரேங்க் ஆட்டத்திலும் இப்படியொரு பாதுகாப்பு வேண்டும் என்பதே மன்றத்தின் கோரிக்கை.

வரிசையைப் பிரித்தால் காத்திருக்கும் நேரம் கூடும் என்பது உண்மையான மறுப்பு. பின்னிரவில் ஆட்கள் குறையும்போது இது இன்னும் உறைக்கும். அதனால் எல்லா ஆட்டங்களிலும் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. ரேங்க் இல்லாத ஆட்டங்கள் இன்றுபோலவே கலந்து இருக்கட்டும். ரேங்க் ஆட்டத்தில் மட்டும் ஸ்குவாடுக்கு முதலில் ஸ்குவாடையே தேட வேண்டும். குறித்த நேரத்துக்குள் கிடைக்காமல் கலக்க நேர்ந்தால், ரேண்டமில் வந்தவருக்கு அதைத் திரையிலேயே சொல்லி, தோற்றால் பிடிக்கும் புள்ளியைக் குறைக்க வேண்டும்.

கிரிக்கெட்டையே பாருங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து 2020இல் இந்திய அணிக்குப் போனவர். அவர் வளர்ந்த இந்த வட்டாரத்துக் கிரிக்கெட்டில், வாராவாரம் சேர்ந்து ஆடும் ஊர் அணிக்கு எதிராக, வேடிக்கை பார்க்க வந்த பதினொரு பேரை இறக்கிவிட்டு அதைப் போட்டி என்று யாரும் அறிவிப்பதில்லை. கல்லூரி விழாக்களில் மொபைல் கேம் போட்டி நடத்துவோருக்கும் மன்றம் இதையே சொல்கிறது. தனியாகப் பெயர் கொடுப்பவர்களை முன்னதாகவே அணி சேர்த்து, அவர்கள் சேர்ந்து பழகக் களமும் நேரமும் கொடுங்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரித்தது. விளையாட்டு என்று ஏற்றபின் எதிரிகளைப் பொருத்தும் விதியும் ஆடுபவர் கண்ணில் பட வேண்டும். ஸ்குவாடும் ரேண்டமும் எந்த அடிப்படையில் ஒரே லாபியில் சேர்க்கப்படுகின்றன என்பதை நிறுவனங்கள் தமிழிலும் ஆட்டத்துக்குள்ளேயே வெளியிட வேண்டும் என்று மன்றம் கேட்டுக்கொள்கிறது.