மாடிவீட்டுத் தம்பியும் ப்ரௌன்-செக்கார் ஊசியும்

எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் மூன்று பையன்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், வயது இருபத்து மூன்று. தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கி வந்தான். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, கூடவே நாலாய் மடித்த ஒரு தாள்.

"ஐயா, உங்களுக்கு பிரெஞ்சு தெரியும்ல? இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்."

புதுச்சேரியில் பிரெவே வரை பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிறகு முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக ஆங்கிலக் கோப்பு தள்ளியதில் அந்த மொழிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பென்ஷன் வாங்கிக்கொண்டு மகனோடு கெலவரப்பள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகு, பிரெஞ்சைக் கேட்டு என்னிடம் வந்த முதல் ஆள் இந்தத் தம்பிதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். எண்ணெயில் கரைத்த டெஸ்டோஸ்டிரோன், ஊசி மூலம் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் என்று இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான யாரோ மூவாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தானாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. தாள் உண்மை என்றாலும் குப்பிக்குள் இருப்பது உண்மையா என்று யாருக்குத் தெரியும்?

எதற்கடா இது என்று கேட்டேன். காவலர் தேர்வு எழுதியிருக்கிறான். உடல்திறன் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். தினம் காலையில் கெலவரப்பள்ளி அணை வரை ஓடிப் போய் வருகிறான். மாலையில் கூடத்தில் எடை தூக்குகிறான். முதல் ஒன்றரை மாதம் இரண்டும் நன்றாக ஏறியது. அதன் பிறகு ஓட்டம் மட்டும் முன்னேறியது. தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும் எடை ஏறவில்லை, இறங்க ஆரம்பித்தது. "உனக்கு ஹார்மோன் கம்மி" என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் வயதுக்காரர்கள் செய்கிற ஒரு தப்பை இங்கே சொல்ல வேண்டும். இப்படிப் பையன்கள் கேட்டால் நாம் உடனே "அதெல்லாம் ஏமாத்து வேலை, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுகிறோம். அது பொய். 1996-ல் ஷலேந்தர் பாசின் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். வாரம் 600 மில்லிகிராம் வீதம் 10 வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. எடை தூக்காமல் சும்மா இருந்தவர்களுக்கே கொழுப்பு நீங்கலாக 3 கிலோவுக்கு மேல் உடம்பு கூடியது. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 கிலோ சுமார். பையன்கள் இதைக் கைப்பேசியில் நம்மைவிட முன்னாலேயே பார்த்துவிடுகிறார்கள். நாம் ஒரு பொய் சொன்னால், அடுத்து நாம் சொல்லும் நிஜத்தையும் கேட்க மாட்டார்கள்.

அந்த நிஜம் என்னவென்றால், வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "சரக்கு போதும்" என்று விரைகளுக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். இதே மருந்தை வாரம் 200 மில்லிகிராம் கொடுத்து, ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது. பெரும்பாலோருக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும். ரத்தம் கெட்டிப்படும், நல்ல கொழுப்பு குறையும். தம்பிக்கு வீட்டில் பெண் பார்க்கப் பேச்சு எடுத்திருக்கிறார்கள். கருத்தடை என்ற வார்த்தையைக் கேட்டதும் குப்பியை மேஜைமேல் வைத்தான்.

அப்போதுதான் எங்கள் இயற்கை விஞ்ஞான மிசியே சொன்ன கதை ஞாபகம் வந்தது. ஷார்ல் எடுவார் ப்ரௌன்-செக்கார், 1817-ல் மொரீசியஸ் தீவின் போர்ட் லூயி நகரில் பிறந்தவர். நம் தமிழ் ஆட்கள் குடியேறிய அதே தீவு. பாரிஸில் கொலேழ் த பிரான்சில் பெரிய பேராசிரியர். 1889 ஜூனில், 72 வயதில், விஞ்ஞானிகள் சபையில் எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார். நாய், கினிப்பன்றி இவற்றின் விரைகளை அரைத்து எடுத்த சாற்றைத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டாராம். வாலிபம் திரும்பிவிட்டதாம், மாடிப்படியை ஓடி ஏறுகிறாராம், முழங்கைப் பலத்தைக் கருவி வைத்து அளந்து பார்த்தாராம். ஐரோப்பா, அமெரிக்கா முழுக்க அந்தச் சாறு விற்பனையாயிற்று. ஐந்து வருஷத்தில் அவர் இறந்துபோனார். தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் டெஸ்டோஸ்டிரோன் இருந்திருக்கவே முடியாது என்பது பின்னால் தெரிந்தது. விரை அதைச் சுரக்குமே தவிர சேர்த்து வைக்காது. 1935-ல் அதை முதலில் பிரித்தெடுத்தபோது நூறு கிலோ காளை விரையிலிருந்து கிடைத்தது வெறும் 10 மில்லிகிராம். ஆக, கிழவர் படி ஏறியது நம்பிக்கையின் பலத்தில்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு, "அப்போ எனக்கு எடை ஏன் இறங்குது?" என்றான். கேள்வி நியாயமானது.

அதற்கும் பதில் இருக்கிறது. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்கர் 1980-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு கூட்டம் எடை மட்டும் தூக்கியது, ஒரு கூட்டம் ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது கூட்டம் இரண்டையும் முழுசாகச் செய்தது. 10 வாரம். மூன்றாவது கூட்டத்துக்கு ஏழு வாரம் வரை கால் பலம் ஏறியது, பிறகு நின்றது, கடைசியில் இறங்கியது. மூச்சுத் திறனுக்கு மட்டும் பழுதில்லை. தம்பியின் கதை அப்படியே! இது ஹார்மோன் பற்றாக்குறை இல்லை, ஒரே காலை ஒரே நாளில் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்யச் சொன்னதன் பலன். கால் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, அந்த நாட்களில் ஓடாமல் இருந்தால் போதும்.

எடை தூக்கினால் ஹார்மோன் ஏறாதா என்றால், ஏறும். கனமாகத் தூக்கிய கால் மணி, அரை மணி நேரத்துக்கு டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறி, பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2010-ல் வேடிக்கையான சோதனை ஒன்று செய்தார்கள். ஒரே ஆளின் ஒரு கைக்கு மட்டும், பயிற்சிக்குப் பின் கால் பயிற்சி கொடுத்து ரத்தத்தில் ஹார்மோனை ஏற்றிவிட்டார்கள். மறு கைக்கு அது இல்லை. 15 வாரம் கழித்து இரண்டு கையும் ஒரே அளவுதான் வளர்ந்திருந்தன. தசை வளர்வது பாரத்தால், அந்த அரை மணி நேர ஏற்றத்தால் அல்ல. நீண்ட தூரம் அளவுக்கு மீறி ஓடுகிற ஆண்களுக்கோ அந்த ஹார்மோன் கொஞ்சம் தாழவே செய்கிறது.

"அப்ப சாந்தி அக்கா?" என்றான். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனைத்தான் சொன்னான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறிகொடுத்தவர். செங்கல் சூளைக் கூலிகளின் மகள். ஹார்மோன் மட்டும் ஓடுமென்றால் நம் ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் பதக்கம் வாங்கியிருக்க வேண்டாமா? அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தை யாரும் கணக்கில் எடுக்காமல் ரத்தத்தை மட்டும் பார்த்தார்கள். அவர் பிறகு பயிற்சியாளராகி மற்றவர்களை ஓட வைக்கிறார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆனால் தம்பியிடம் நான் கேட்க மறந்து, கடைசியில் கேட்ட கேள்விதான் முக்கியமானது. எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். ஓவர்டைம் சேர்ந்தால் பன்னிரண்டு மணி நேரம். தகரக் கூரை அறையில் பகலில் நாலு மணி, நாலரை மணி தூக்கம். சிகாகோவில் 2011-ல் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் தினம் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. ஒரே வாரத்தில்! உண்மையிலேயே தம்பிக்கு ஹார்மோன் குறைந்திருந்தால் அதைத் தின்றது ஷிப்ட் அட்டவணை.

என் அபிப்பிராயம் இதுதான். ஊசி விற்பவனைப் பிடிக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் ராத்திரியைப் பகலாக்கி, மெஸ்ஸில் சோறும் தண்ணிச் சாம்பாரும் போட்டு, அந்த உடம்பிடம் போலீஸ்காரனின் திறனை எதிர்பார்க்கிற ஏற்பாட்டை யாரும் கேட்பதில்லை. ஒரே ஷிப்டை ஒரு மாதமாவது தொடர்ந்து கொடுத்தால் என்ன? நான் குமாஸ்தாவாக இருந்தவன். பணிப்பட்டியல் போடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், போடுபவருக்கு மனசு வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியிடம் இவ்வளவு பேசிவிட்டு நான் சும்மா இருக்கலாமா? தினம் அணைப் பக்கம் நடப்பதே எனக்குப் போதும் என்று நினைத்திருந்தேன். தண்ணீரில் நுரை பொங்கும் நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பேன். இந்தத் தென்பெண்ணைதான் பாகூர் ஓரமாகப் போய் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடலில் சேர்கிறது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு கை ஊன்ற வேண்டியிருக்கிறது. பாஸ்டனில் 1990-ல் சராசரி 90 வயது முதியோருக்கு எட்டு வாரம் கால் எடைப் பயிற்சி கொடுத்ததில் பலம் 174 சதவீதம் கூடியதாம். எங்களுக்கு ஹார்மோன் ஏறுவது சொற்பம், ஆனாலும் தசை கேட்கிறது. இப்போது தம்பி எனக்கு பஸ்கி சொல்லித் தருகிறான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பத்து, பிடிக்காமல் நாலு.

அவன் வாரம் இரண்டு நாள் மட்டும் கால் பயிற்சி செய்கிறான். பகலில் தூங்க எங்கள் கீழ் அறையைக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி மதியம் குக்கர் விசில் அடிக்காமல் சமைக்கப் பழகிவிட்டாள். குப்பி இன்னும் என் பீரோவில், பென்ஷன் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூவாயிரம் ரூபாயாச்சே, தேர்வு முடியட்டும் ஐயா, அதுவரை தூக்கிப் போட்டுடாதீங்க என்கிறான்.