பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோனால் சங்கம் எங்கே போகிறது?



கொழுந்து நிறுவையில் இரண்டு கிலோவைக் கூடுதலாகக் கழித்தால் நாம் மலையை விட்டு இறங்குகிறோம். கங்காணி ஒரு பெண்ணைத் தகாத வார்த்தை சொன்னால், அன்று மாலையே தலைவர் ஆபிஸ் வாசலில் நிற்கிறார். அதுதான் சங்கத்தின் பலம். ஆனால் நம் லயத்துப் பதினைந்து வயதுப் பையனைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றும்போது நாம் என்ன செய்கிறோம்? இஸ்தோப்பில் நின்று பார்க்கிறோம். "வளர்ப்புச் சரியில்லை" என்கிறோம். தலைவர்மார் சிலர், "இது தொழில் பிரச்சினை இல்லையே" என்று கையை விரிக்கிறார்கள்.

இது தொழில் பிரச்சினைதான். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். பெயரும் இடமும் எழுதமாட்டோம். சிறுவர் வழக்கில் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடாது என்பது சட்டம். அந்தப் பையனின் படத்தை முகப்புத்தகத்தில் போட்ட நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கட்டும்.

தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்பைப் பெரிய ஆட்கள் இருவர் இரவில் எடுத்து விற்றார்கள். மூட்டை தூக்கியவன் பையன். கூலி முந்நூறு ரூபாய். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை, அப்பா மருந்து அடிக்கப் போகிறவர், வீட்டில் அம்மாயி மட்டும். பெரியவர்கள் ஓடிவிட்டார்கள். பையன் அகப்பட்டான். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பம் வைத்தான். அதில் என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. "ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும்" என்று யாரோ சொல்ல, நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டான். நன்னடத்தை அதிகாரி தகப்பனை வரச்சொல்லி அனுப்பிய கடிதம் தோட்ட ஆபிஸில் இரண்டு கிழமை கிடந்தது. குடும்பம் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை போனது. பையனை வீட்டிலிருந்து வெகுதூரத்திலுள்ள இல்லமொன்றுக்கு அனுப்பினார்கள். அவனோடு படித்த பிள்ளைகள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறார்கள்.

இரும்பை விற்றவர்கள் வெளியே. வாங்கிய கடைக்காரர் வெளியே. மூட்டை தூக்கியவன் உள்ளே. "திருடினால் தண்டனை வேண்டாமா?" என்று கேட்பவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம்: பங்களாப் பிள்ளை இதைச் செய்திருந்தால் ஜீப் வந்திருக்குமா?

சட்டம் இல்லாமல் இல்லை. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்தது. பொலிஸ் நிலையத்தில் சிறுவரைப் பெரிய கைதிகளோடு வைக்கக்கூடாது என்று அது சொல்கிறது. பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பொலிஸாரிடம் குற்றத்தை ஒத்துக்கொண்டதை வழக்கில் அவருக்கு எதிரான சான்றாக எடுக்க முடியாது. நீதவான் முன் ஒத்துக்கொண்டால் கதை வேறு. அதனால்தான் சட்டத்தரணியோடு பேசும்வரை "ஒத்துக்கொள்" என்று எவரும் பிள்ளைக்குப் புத்தி சொல்லக்கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. 2018இல்தான் அந்த எல்லையை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினார்கள். நீதிமன்றத்தில் சிங்களத்தில் நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரும்படி கேட்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நிற்பதற்குத்தான் நம்மிடம் ஆள் இல்லை. தகப்பன் ஒரு தவணைக்குப் போனால் ஒரு பேர் போகிறது. பிணைக்கு வருகிறவர் கிராம சேவகரிடம் சான்றிதழ் எடுக்க அலைந்தால் இன்னொரு பேர். பஸ் காசு வேறு. மூன்றாவது தவணைக்குள் குடும்பம் களைத்துவிடும். லயத்துக்கு இலக்கமும் விலாசமும் இல்லாததால் கடிதம் இன்னும் துரையின் மேசை வழியாகத்தான் வருகிறது. சம்பளமும் விலாசமும் தொழில் பிரச்சினை இல்லையென்றால் வேறு எதுதான் தொழில் பிரச்சினை?

ஆசிரியர்களாகிய நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டிவிட்டு, "இடைவிலகல்" என்று எழுதி முடிக்கிறோம். பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என்பது 2016இலிருந்து விதி. வழக்கு முடிந்து திரும்பும் பிள்ளைக்கு, "மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று கதவை அடைக்கும் பாடசாலைகள் நம் மலையில் இருக்கின்றன. நன்னடத்தை அதிகாரி கேட்கும்போது "இவன் கணக்கில் கெட்டிக்காரன், எடுத்துக்கொள்கிறோம்" என்று பாடசாலை ஒரு கடிதம் கொடுத்தால் அறிக்கையே மாறும். அந்தக் கடிதத்தை எழுத அரை மணித்தியாலம் போதும்.

ஆகவே வரும் மாதாந்தக் கூட்டத்தில் நாம் கேட்கப்போவது இதுதான். தோட்டக் கமிட்டி ஒவ்வொன்றிலும் இருவர், அதில் ஒருவர் மாதர் சங்கத்திலிருந்து, இந்த வேலைக்கென்றே இருக்கட்டும். ஜீப் வந்தால் பின்னாலேயே அவர்கள் போக வேண்டும், இரவானாலும். பிள்ளைக்கு அடி விழுந்திருந்தால் 1929க்கு அழைக்க வேண்டும். காசில்லாத குடும்பத்தைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிக்குப் பணம் கேட்கமாட்டார்கள். தவணை நாளைக் கொப்பியில் எழுதி, முதல் நாள் மாலை வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்த வேண்டும். தகப்பன் இழக்கும் பேருக்குச் சந்தாப் பணத்திலிருந்து ஒரு தொகை ஒதுக்க வேண்டும். மே தின பஸ்ஸுக்கும் பெனருக்கும் செலவழிக்கும் சங்கம் இதற்குக் காசில்லை என்று சொல்லாது என நம்புகிறோம். சொன்னால் கணக்குப் புத்தகத்தைக் கூட்டத்தில் விரிக்கச் சொல்வோம்.

அந்தப் பையன் இன்னும் இல்லத்தில்தான் இருக்கிறான். தகப்பன் இதுவரை ஒரு தடவைதான் போய்ப் பார்த்தார். அடுத்த தடவை அவரோடு போக நம்மில் யார் வருகிறீர்கள் என்று கூட்டத்திலேயே பெயர் கேட்போம்.