முதல் 2 பந்து உள்ளே, 3-வது பந்து வெளியே... மாணவர் ரோபோக்கள் தடுமாறுவது ஏன்?

ரோபோ நின்ற இடம் மாறல. மோட்டாரும் அதே மோட்டார்தான். ஆனா முதல் 2 பந்து கோலுக்குள் போக, 3-வது பந்து முன்னாடியே விழுந்துடுது. எங்கே சிக்கல்?

என்ன போட்டி?

பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச ரோபோ போட்டி 'ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்'. இந்தியாவிலும் நடக்கிறது. 2025-26 சீசனின் பெயர் 'டீகோட்'. 5 அங்குல ஊதா, பச்சை பந்துகளை ரோபோ கோலுக்குள் வீச வேண்டும். ஒரே நேரத்தில் 3 பந்துகளைத்தான் வைத்திருக்கலாம். ஆட்ட நேரம் இரண்டரை நிமிடம். நிற வரிசை சரியாக அமைந்தால் கூடுதல் புள்ளி. அதனால ஒரு பந்து தவறினாலும் வரிசையே கலைஞ்சிடும்; கூட்டணி அணிக்கும் நஷ்டம்.

எப்படி வீசுகிறது?

பல அணிகளின் தேர்வு ஃப்ளைவீல். வேகமாகச் சுழலும் சக்கரத்துக்கும் வளைந்த தகட்டுக்கும் நடுவே பந்து நசுங்கி வெளியேறும். 96 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், அதன் விளிம்பு வேகம் நொடிக்கு சுமார் 15 மீட்டர். ஒரு பக்கம் மட்டும் சக்கரம் இருப்பதால், பந்துக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதி.

சிக்கல் இங்கேதான்!

ஒவ்வொரு பந்தும் சக்கரத்தின் ஆற்றலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். வேகம் மீள்வதற்குள் அடுத்த பந்து வந்தால் அது குறைந்த வேகத்தில்தான் கிளம்பும். வேகம் 10% குறைந்தால், பந்து போகும் தூரம் சுமார் 19% குறையும். காரணம், தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. பேட்டரி இறங்க இறங்க நிலைமை இன்னும் மோசம்.

தீர்வு என்ன?

* கனமான சக்கரம்: வேகம் அதிகம் சரியாது. ஆனா முதலில் வேகம் பிடிக்க நேரமாகும்.
* என்கோடர்: மோட்டாருக்கு 'இத்தனை சதவீத பவர்' என்று சொல்லாமல், 'இத்தனை ஆர்பிஎம்' என்று கட்டளையிடலாம். பேட்டரி இறங்கினாலும் புரோகிராம் ஈடுகட்டும்.
* காத்திருப்பு: குறித்த வேகம் வந்த பிறகே அடுத்த பந்தை உள்ளே விடுவது.

ரப்பர் பேண்டை இழுத்து விடும் கவண் முறையில் இந்த வேக இழப்பு இல்லை. ஆனா ஒவ்வொரு முறையும் திரும்ப இழுத்து, பந்து நிரப்பணும்.

ஆக, விலை உயர்ந்த மோட்டார் வாங்கினால் மட்டும் போதாது. ஒரே இடத்திலிருந்து 3 பந்துகளைத் தொடர்ந்து வீசி, எங்கே விழுகிறது என்று குறித்து வைக்கும் அணிக்கே வாய்ப்பு அதிகம். அதற்குத் தேவை ஒரு அளவு டேப்பும் பொறுமையும்தான்.