நூறு கையொப்பங்களும் ஒரு மஸ்டர் ரோலும்

தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும் என்றது 1926ஆம் ஆண்டின் சட்டம். நிறுவனத்தில் அல்லது தொழில்துறையில் பணிபுரிவோரில் பத்து விழுக்காட்டினர் அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இதையே தொடர்கிறது.

பெரும்பாலும் தலித்துகளான ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு எண்ணிக்கை தடையன்று, சான்றே தடை. பலரிடம் பணி ஆணையோ ஊதியச் சீட்டோ இல்லை. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பெயர்ப்பட்டியலும் மாறுகிறது.

ஆனால் சட்டம் 'நிறுவனம்' என்பதோடு நிற்கவில்லை. 'தொழில்துறை' என்றும் சொல்கிறது. ஆகவே ஒப்பந்ததாரர் வாரியாகச் சிதறாமல், தூய்மைப் பணித் துறைக்கான ஒரே சங்கமாக நூறு பேரைத் திரட்டி நாம் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கில் ஊதியம் வரவான பதிவு, வருங்கால வைப்பு நிதி எண் ஆகியவற்றை இப்போதே சேகரித்து வைப்போம்.

பதிவு முதற்படி மட்டுமே. சங்கங்களை முதலாளிகள் அங்கீகரிப்பதைக் கட்டாயமாக்கும் மசோதாவை அண்ணல் அம்பேத்கர் 1943இலேயே கொண்டுவந்தார். பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் தனித்துப் பேச்சுவார்த்தை நடத்த, மஸ்டர் ரோலில் உள்ளோரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவைக் கேட்கிறது புதிய தொகுப்பு. அந்த மஸ்டர் ரோலில் நம் பெயர் ஏறுவதே சங்கத்தின் முதல் கோரிக்கையாகட்டும்.