ஜப்பான் கல்விப் பயணத்தில் விடுபடும் ஒரு நிறுத்தம்

பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை நெருங்கும்போதே மாணவர் மன்றங்களின் புலனக் குழுக்களில் ஜப்பான் பயண அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. தலைப்பு பெரும்பாலும் ‘கோடைக்கால ஜப்பானியப் பண்பாட்டுக் கல்விப் பயணம்’ என்பது போல இருக்கும். ஏழு முதல் பத்து நாள். தோக்கியோவில் அசாகுசா கோயில், யுகாதா உடையில் ஒரு படம், தேநீர்ச் சடங்கு, ஃபூஜி மலை, ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கியோத்தோ, நாராவில் மான்கள், கடைசியில் ஒசாகாவில் கடைத்தெரு. யார் ஏற்பாடு செய்தாலும் நிரல் இதிலிருந்து அதிகம் மாறுவதில்லை.

முன்பு இப்படிப்பட்ட பயணத்தை நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது கிளம்புகிறார்கள். மலேசியர்கள் ஜப்பானில் குறுகிய காலம் தங்க விசா தேவையில்லை என்ற நடைமுறை 2013 ஜூலையில் தொடங்கியது. 2024இல் யென் அமெரிக்க டாலருக்கு எதிராக 38 ஆண்டுகள் காணாத அளவுக்குச் சரிந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 3 கோடியே 68 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். நம் மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் அடக்கம்.

போவதில் தவறு ஒன்றுமில்லை. வரிசையில் நிற்பதையும், தாங்கள் போட்ட குப்பையைத் தாங்களே எடுத்துச் செல்வதையும் நேரில் பார்ப்பதே ஒரு படிப்புதான். ஆனால் சுற்றுலா என்று சொல்லாமல் கல்விப் பயணம் என்று சொல்லும்போது, எதைப் படிக்கப் போகிறோம் என்ற கேள்வி வருகிறது. தோட்டத்து வேர் உள்ள தமிழ் மாணவருக்கு அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே வருகிறது.

பயணம் ஆகஸ்டில் அமைந்தால் வெயிலுக்குத் தயாராக வேண்டும். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி இசெசாக்கி நகரில் 41.8 பாகை செல்சியஸ் பதிவானது. நம் ஊரில் நாம் அறியாத சூடு அது. வெயிலைவிட முக்கியமானது நாட்காட்டி. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாக்கி, 15 போர் முடிந்த நாள். நடுவில் 13 முதல் 16 வரை நாட்டின் பெரும்பகுதியில் ஓபோன் நாள்கள். ஜப்பான் தன் இறந்தவர்களை நினைக்கும் மாதம் இது.

ஓபோன் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. ஷா ஆலாமில் ஆண்டுதோறும் நடக்கும் போன் ஒடோரி அதன் ஒரு பகுதிதான். 2022இல் முஸ்லிம்கள் அதில் கலந்துகொள்ளலாமா என்ற சர்ச்சை எழுந்து, நாடே அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது. இங்கே அது ஆட்டமும் உணவுக் கடைகளுமாகத் தெரிகிறது. அங்கே வீட்டுக்குள் நடப்பது வேறு. முன்னோர் வீடு திரும்புகிறார்கள் என்று விளக்கேற்றுகிறார்கள், படையல் வைக்கிறார்கள். பல வீடுகளில் வெள்ளரிக்காய்க்குக் குச்சிக் கால் வைத்துக் குதிரையும், கத்தரிக்காய்க்குக் கால் வைத்து மாடும் செய்கிறார்கள். இறந்தவர்கள் குதிரையேறி வேகமாக வரட்டும், போகும்போது மாட்டின் மேல் மெதுவாகப் போகட்டும் என்பது எண்ணம். 16ஆம் தேதி இரவு கியோத்தோவைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் தீ மூட்டி அவர்களை வழியனுப்புகிறார்கள். அமாவாசைக்குப் படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டிலிருந்து போகும் மாணவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. யுகாதா படத்தைவிட இந்த ஒரு மாலை அதிகம் சொல்லித் தரும்.

சரி, நம் இறந்தவர்கள்? தோட்டத்துக் குடும்பங்களில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் மரவள்ளிக்கிழங்கும் வாழைமரப் படம் போட்ட செல்லாக் காசும் மட்டும் அல்ல. சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ பல குடும்பங்களில் உண்டு. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றியும் பிடித்த கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. அந்தப் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடுதான். அவர்களைப் பெயர் பெயராக யாரும் எழுதி வைக்கவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள்தான் நம்மிடம் உள்ள பதிவேடு என்று சொன்னாலும் மிகையாகாது.

அந்தப் பாதையின் ஒரு துண்டு தோக்கியோவின் நடுவிலேயே நிற்கிறது. யாசுகுனி ஆலய வளாகத்தில் உள்ள யூஷூகான் போர் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில், கறுப்பாகப் பளபளக்கும் நீராவி எஞ்சின் ஒன்று இருக்கிறது. எண் C56 31. இந்த வகை எஞ்சின்களில் 90ஐ ஜப்பானிய இராணுவம் தென்கிழக்காசியாவுக்குக் கொண்டுவந்தது. சயாம்–பர்மா பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் இது. 1979இல் தாய்லாந்திலிருந்து திரும்பியது. தண்டவாளம் போட்டு மாண்ட தமிழர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. அதோடு திரும்பிய இன்னொரு எஞ்சின், C56 44, ஷிசுவோக்கா மாநிலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சுற்றுலா ரயிலை இழுத்தது. சிறுவர்களுக்காகச் சிவப்பு வண்ணம் பூசி, ‘தாமஸ்’ தொடரில் வரும் ‘ஜேம்ஸ்’ ஆகவும் அதை மாற்றினார்கள். பிள்ளைகள் கையசைத்துச் சிரித்து ஏறும் வண்டி. அதில் கோபப்பட ஒன்றுமில்லை; ஆனால் தெரிந்துகொண்டு ஏறலாம்.

யாசுகுனி என்ற பெயரைக் கேட்டாலே ஏற்பாட்டாளர்கள் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியது. முதல்நிலைப் போர்க் குற்றவாளிகள் 14 பேர் 1978இல் அங்கே வழிபாட்டுக்குரியோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஜப்பானியத் தலைவர் ஒருவர் போனால் சீனாவும் கொரியாவும் கண்டிக்கின்றன. மாணவர்கள் அங்கே வணங்க வேண்டியதில்லை. எஞ்சின் நிற்கும் முகப்புக் கூடத்துக்கு நுழைவுச் சீட்டும் வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1943இல் அதே ஜப்பானிய ஆட்சி மலாயாவிலிருந்து மாணவர்களையும் அனுப்பியது. ‘தென்பகுதிச் சிறப்பு மாணவர்கள்’ என்ற பெயரில் தென்கிழக்காசியாவிலிருந்து சுமார் 200 பேர் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழன் சயாம் காட்டுக்கு, தேர்ந்தெடுத்த இளைஞர்கள் பல்கலைக்கழகத்துக்கு. போனவர்களுக்கும் விதி இரக்கம் காட்டவில்லை. ஹிரோஷிமாவில் படித்த நிக் யூசோஃப், சைட் ஒமார் இருவரும் அணுகுண்டால் மாண்டார்கள். சைட் ஒமாரின் கல்லறை கியோத்தோவின் என்கோஜி கோயிலில் இருக்கிறது. அவர்களோடு இருந்து உயிர் தப்பிய அப்துல் ரசாக், பிறகு மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்தார். மகாதீர் 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபோது ஜப்பானுக்குப் போன மாணவர்களில் அவரிடம் மொழி கற்றவர்களும் உண்டு. கியோத்தோவுக்குப் போகும் எந்த மலேசியக் குழுவும் என்கோஜியில் அரை மணி நேரம் நிற்கலாம். தோட்டம் அழகானது என்பது கூடுதல் இலாபம்.

கல்விப் பயணம் என்பதற்கு எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நொபொரு கராஷிமா 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து மூன்று ஆண்டு தங்கித் தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தார். சோழர் கால நிலவுடைமை பற்றி அவர் எழுதியதை இன்றும் தமிழ் ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட முடியாது. பத்து நாளில் யாரும் கராஷிமா ஆக முடியாது. புறப்படும் முன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க முடியும். யார் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து, திரும்பி வந்தாரா. அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். அடுத்த விடுமுறை வரை காத்திருக்க அவர்களிடம் நேரமில்லை.

பணம் இன்னொரு கேள்வி. யென் இறங்கினாலும் விமானச் சீட்டு, தங்குமிடம், ரயில் எல்லாம் சேர்த்தால் தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாத தொகைதான். ஜப்பான் அரசு செலவை ஏற்கும் வழிகளும் உண்டு. 2007இல் தொடங்கிய ஜெனெசிஸ் திட்டம் இளைஞர்களைக் குறுகிய பயணமாக அழைக்கிறது. முழுப் படிப்புக்கு மெக்ஸ்ட் உபகாரச் சம்பளம் இருக்கிறது. கோலாலம்பூரில் உள்ள ஜப்பானியத் தூதரகம் ஆண்டுதோறும் விண்ணப்பம் கோருகிறது. கட்டணப் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். மாணவர் மன்றங்கள் பயண விளம்பரத்தைப் பகிரும் வேகத்தில் இந்தத் தகவல்களையும் பகிர்ந்தால், இன்னும் சில பிள்ளைகள் கிளம்புவார்கள்.

நிரலில் இடமில்லை என்று ஏற்பாட்டாளர் சொன்னால் ஒரு சிறு கணக்கு. யாசுகுனிக்கு மிக அருகிலுள்ள சுரங்க ரயில் நிலையம் குடான்ஷித்தா. அங்கிருந்து நடை தூரம்தான். கடைத்தெருவுக்கு ஒதுக்கிய ஒரு பிற்பகலில் பாதி போதும்.