முகவாட்டம் பக்தியாகுமா?

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கிடையே கல்யாணப் பேச்சு நடக்கும்போது, பெண்ணைச் சிலாகித்துச் சொல்லும் வார்த்தைகளில் ஒன்று, "நல்ல பக்தியான பிள்ளை, வாய்விட்டுச் சிரிச்சு ஒருத்தரும் கேட்டதில்லை" என்பது. சொல்லுகிறவர் அதைக் குறையாகச் சொல்லுவதில்லை. கேட்கிறவரும் குறையாக எடுத்துக்கொள்ளுவதில்லை. சிரிப்புக் குறையக் குறையப் பக்தி ஏறும் என்றும், ஆண்டவருக்குத் தன்னை முழுமையாக ஒப்புக்கொடுத்தவன் முகத்தில் அதற்கு அத்தாட்சியாக ஒரு வாட்டம் நிலைத்திருக்க வேண்டும் என்றும், பாட்டிலும் பண்டிகையிலும் மனம் செல்லுகிறவன் இன்னும் உலகத்தான் என்றும் ஓர் அபிப்பிராயம், தாமிரபரணியின் இரு கரையிலும் தெற்கே தேரிக்காடு வரையிலும் வேரோடிப் போயிருக்கிறது. அது பொய் என்பதும், பொய்யாய் இருப்பதோடு நில்லாமல் கிறிஸ்தவ ஜீவியத்தின் ஆணிவேரையே அரிக்கிறது என்பதும் என் கட்சி.

இந்த அபிப்பிராயம் பிறந்த வகையை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியில் கிறிஸ்தவர்களானவர்களில் பெரும்பாலோர், அம்மன் கொடையும் மாடன் கொடையும் ஆண்டுத் திருநாளாக இருந்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கொட்டும் குரவையும் சாமியாட்டமும் கள்ளும் கலந்த அந்த உற்சாகத்தை விட்டு வந்தவர்கள், உற்சாகம் எங்கே தலைகாட்டினாலும் பழைய பழக்கம் திரும்பி வருகிறதோ என்று அஞ்சியது இயற்கை. அவர்களுக்குப் போதித்த ஐரோப்பிய ஐயர்மாரும் மௌனத்தையும் அடக்கத்தையுமே தெய்வபக்தியின் லக்ஷணமாகக் கண்டு வளர்ந்தவர்கள். ஒரு சந்ததிக்கு அந்த எச்சரிக்கை பிரயோஜனப்பட்டிருக்கலாம். காரணம் மறைந்துபோன பின்பும், பயத்துக்குப் பரிசுத்தம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

வேதத்தையே கேட்போம். கானாவூர்க் கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்து வீட்டார் தலைகுனிய நேர்ந்த வேளையில், பந்தியின் மகிழ்ச்சி கெடாதபடி தம்முடைய முதல் அற்புதத்தைச் செய்தவர் இயேசு. ஆயக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காகவே சாப்பாட்டுப் பிரியர் என்று பரியாசம் பண்ணப்பட்டவரும் அவர். உபவாசிக்கிறவர்கள் முகத்தை வாடவைத்துக்கொண்டு ஊர் பார்க்க நிற்பதைக் கண்டித்து, எண்ணெய் பூசி முகம் கழுவிக்கொள்ளச் சொன்னவரும் அவரே. பவுல் அப்போஸ்தலர் சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியது பிலிப்பி சபைக்கு. எழுதிய இடம் காவல். லெந்து நாள் முழுவதும் இவற்றையெல்லாம் வாசித்துக் கேட்டுவிட்டு, கேட்ட முகம் கேட்டபடியே சுண்டியிருக்க எழுந்து வருகிறவர்கள், எந்த வேதத்தைக் கேட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

"சிலுவையை மறந்து பேசுகிறீர்" என்பார்கள். சிலுவையை அறிந்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்போம். அடியும் உதையும் பட்டு, ஜெபவீடு இடிக்கப்பட்டு, சொந்த ஊரில் குடியிருக்க வழியில்லாமல் போனவர்களுக்காகத்தான் 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூரை உண்டாக்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், இப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்கென்றே 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். வீடு இழந்து வந்து பனங்காட்டு நடுவே ஓலைக்குடிசை போட்ட ஜனங்களைக் கொண்டு எழும்பின இந்தச் சபைகள், பின்பு தங்களுக்கென்று நிலைநிறுத்திக்கொண்ட பெரிய நாள் எது தெரியுமா? அசனப் பண்டிகை!

அந்தப் பண்டிகையைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காகச் சொல்லுகிறேன். முந்தின இரவே கோயில் வளாகத்தில் கோட்டை அடுப்புகள் எரியத் தொடங்கும். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காயும் வாழைக்காயும் மலைபோல் அரிந்து குவிப்பார்கள். வடித்த சோற்றைப் பாயில் கொட்டி ஆறவிட்டு, விடிந்து ஆராதனை முடிந்ததும், சென்னையிலும் பம்பாயிலும் இருந்து வந்த மக்கள் உட்பட ஊரே பந்தியில் அமரும். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதும் இதற்குக் குறைந்ததன்று. யாரோ ஒரு பாட்டி கொண்டுவந்து வைத்த எலுமிச்சம்பழத்தை ஒருவர் பெருந்தொகைக்கு எடுப்பார்; எடுத்த கையோடு கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார்; அது மறுபடி ஏலத்துக்கு வரும்; மைத்துனனுக்கு மைத்துனன் விலையை ஏற்றிவிட்டுச் சிரிக்க, உபதேசியார் மூன்றாந்தரம் கூவுமுன் கூட்டமே கலகலத்துப் போகும். இதே குடும்பங்களின் அடுக்களையில்தான், உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிக்கலயத்தில் இடும் கைப்பிடி அரிசிக் காணிக்கை பழக்கமாயிருந்தது. தன் பிள்ளைகளுக்கே போதாத நாளிலும் அந்தப் பிடியைக் குறைக்காத தாய்மார், பண்டிகை ஏலத்தில் சிரித்ததற்காக உலகத்தார் ஆகிவிடுவார்களா? இப்படிக் கொடுத்துப் பழகிய சபையே, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவின் முயற்சியால் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தன் சொந்தச் செலவில் ஊழியரை அனுப்பிற்று.

பாட்டின் கதையும் இதுவே. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், கிறிஸ்துவின் மகிமையைப் பாட எடுத்துக்கொண்ட உரு எது? குற்றாலநாதரைப் பாடித் திரிகூடராசப்பக் கவிராயர் புகழ்பெறச் செய்த குறவஞ்சி! குறத்தி வந்து குறி சொல்ல, பறவை பிடிக்கும் சிங்கன் அவளைத் தேடியலைய, ஆடலும் பாடலும் நகைச்சுவையும் நிறைந்த அந்த உருவில் அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். பின்னாளில் வந்த மிஷனரிமார் ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் விசேஷங்களில் பூவையும் விலக்க முற்பட்டபோது அவர்களோடு வழக்காடவும் செய்தார். சாதி விஷயத்தில் அவர் நின்ற பக்கத்தை நான் ஒருநாளும் ஆதரியேன். பாட்டைக் குறித்து அவர் சொன்னதே சரி என்பதற்கு, இன்றைக்கும் அவர் கீர்த்தனைகள் இல்லாமல் ஆராதனை நடவாத நம்முடைய கோயில்களே சாக்ஷி. கரையிருப்பில் பிறந்த கவிஞர் கிருஷ்ணபிள்ளை, மோட்சப் பிரயாணத்தின் துன்பங்களையே பொருளாகக் கொண்டு 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் நடுவிலும், தேவாரம் என்ற பெயரில் அவரே பாடிய துதிப்பாடல்கள் கேட்கின்றன. வழி கடினம் என்று அறிந்தவரே வழியெல்லாம் பாடுகிறார். வழியில் இறங்காதவர் கரையில் நின்று பெருமூச்சு விடுகிறார்.

இன்னும் கிட்டத்தில் ஒரு திருஷ்டாந்தம் வேண்டுமானால், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் டோனாவூருக்குப் போகலாம். அயர்லாந்தில் பிறந்து, ஊரையும் உறவையும் விட்டு வந்து, இந்துக் கோயில்களுக்குத் தேவதாசிகளாக ஒப்புவிக்கப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கு 1901 முதல் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். முழுமையான அர்ப்பணம் என்பதற்கு இதைவிட வேறு அளவு வேண்டியதில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? வண்ண உடையும் தோட்டமும் பாட்டுமாக வளர்ந்தார்கள். பிறந்த நாள் இன்னதென்று தெரியாத பிள்ளைக்கு, அது அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளையே திருநாளாக வைத்துப் பூவால் அலங்கரித்துக் கொண்டாடினார்கள். உலகம் வேண்டாமென்று தள்ளிய குழந்தைக்கு, "நீ வந்தது எங்களுக்குச் சந்தோஷம்" என்று ஆண்டுதோறும் சொல்லிக் காட்டுவதைவிட மேலான பிரசங்கம் ஒன்றை நான் அறியேன்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். வாட்டம் முழுமனதின் அடையாளமன்று, அரைமனதின் அடையாளம். முழுவதும் கொடுத்துவிட்டவனுக்குக் கணக்கு இல்லை. பாதியைக் கொடுத்துப் பாதியைப் பிடித்துக்கொண்டவனோ, வட்டிக்குக் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் நிற்பதுபோலக் கடவுளின் சந்நிதியில் நிற்கிறான். தான் விட்டதை நினைத்து ஏங்குகிறான், விடாததைப் பிறர் கண்டுவிடுவார்களோ என்று நடுங்குகிறான், தன்னைப்போல் ஏங்காத அயலானைக் கண்டு எரிகிறான். வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய திருக்குடும்ப ஆலயத்தைப் பாருங்கள். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்களாக, இரண்டு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் பூசை காணும்படி அது கட்டப்பட்டது. ஆண்டவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தோம், சாதியை மாத்திரம் வைத்துக்கொண்டோம் என்பதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிவைத்த கட்டடம் அது. 1910இல் தடுப்புச் சுவரை இடித்தபோது சச்சரவு நீதிமன்றம் வரைக்கும் ஏறிற்று. பெண்ணின் கூந்தலில் ஒரு முழம் பூவைக் கண்டு உலகப்பற்று என்று முகம் சுளிக்கும் நாம், கல்யாணச் சம்பந்தம் பேசும்போது சாதியை விசாரிப்பதில் இன்றைக்கும் கூச்சப்படுவதில்லை. நம்முடைய கண்டிப்பு எங்கே விழ வேண்டுமோ அங்கே விழாமல், எங்கே விழக்கூடாதோ அங்கே விழுகிறது.

சந்தோஷம் என்றதும் வேறொரு கூட்டத்தார் எனக்குத் துணைக்கு வரக்கூடும். அவர்களையும் நான் வேண்டாமென்கிறேன். விசுவாசித்தால் வீடும் காரும் உத்தியோகமும் வரும், வந்தால் களிகூரலாம் என்று பந்தல் போட்டுப் பிரசங்கிக்கிறவர்கள், வாடிய முகத்தாருக்கு விரோதிகளைப்போலத் தோன்றினாலும் உள்ளபடி பங்காளிகளே. அவர் கஷ்டத்தைச் செலுத்திப் புண்ணியம் வாங்கப் பார்க்கிறார். இவர் காணிக்கையைச் செலுத்திச் சௌகரியம் வாங்கப் பார்க்கிறார். இருவரும் கடவுளோடு வியாபாரம் பேசுகிறார்கள். கைப்பிடி அரிசி இட்ட தாய்க்கு அந்த வியாபாரம் தெரியாது.

துக்கம் வரும்போது அழத்தான் வேண்டும். லாசருவின் கல்லறையண்டையில் இயேசுவும் அழுதார். பாவத்துக்காக வருந்தத்தான் வேண்டும். வருந்தியவன் மன்னிப்பைப் பெற்றபின் எழுந்து நடக்கவும் வேண்டும். மன்னிப்பைப் பெற்றேன் என்று வாயால் சொல்லி, பெறாதவன் முகத்தோடு வாழ்நாளைக் கழிப்பவன், மன்னித்தவரையே பொய்யராக்குகிறான். ஆகையால் கோயிலில் ஒரு பிள்ளை சிரித்தால் அதட்டுமுன் சற்று யோசிப்போம். "சிரிக்காத பிள்ளை" என்று யாராவது சிலாகித்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன குறை, யார் அதைப் பயமுறுத்தி வைத்தார்கள் என்று விசாரிப்போம். அடிபட்டும் பாடிக்கொண்டு வந்து இந்தச் சபைகளை நமக்கு விட்டுப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம்முடைய சோர்வுக்குப் பக்தி என்று பெயரிட்டு, அதை நம் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.